அவனியாளப் பிறந்தான் கோப்பெருஞ்சிங்கன்

சின்னக் காஞ்சிபுரத்து அத்தியூர் அருளாளப் பெருமாள் கோயிலின் கல்வெட்டுகளுள் ஒன்று, சகம் 1182ஆம் ஆண்டை ஓர் அரசனின் பதினெட்டாம் ஆட்சியாண்டாகக் குறிக்கின்றது. கிறித்துவ ஆண்டுக் கணக்கில் அது 1260. பின்னோக்கி எண்ணினால் அவ்வரசன் 1243ஆம் ஆண்டை ஒட்டி முடி சூடினான் என்பது தெளிவாகும். அவன் சோழனும் அல்லன், பாண்டியனும் அல்லன், போசளனும் அல்லன். சோழர்க்குப் பாடிகாவல் புரிந்த குடியிற் பிறந்து, சோழப் பேரரசன் பெயர் உயிரோடிருந்த நாளிலேயே சகலபுவனச் சக்கரவர்த்தி என்று தன்னை அழைத்துக்கொண்ட காடவர்கோன் கோப்பெருஞ்சிங்கன் அவன்.

வரலாற்று நூல்களில் அவனுக்குக் கிடைத்த இடம் பெரும்பாலும் ஒரு வரியே. மூன்றாம் இராசராச சோழனைச் சிறையிலிட்ட குறுநில மன்னன் என்பது அவ்வரி. தில்லைக் கிழக்குக் கோபுரத்தின் அடியில் நின்று ஆடற்சிற்பங்களை அண்ணாந்து காண்போரில் பலருக்கு அப்பெயர் நினைவுக்கு வருவதில்லை. வாளால் பெற்ற புகழ் ஒரு வரியாகச் சுருங்கிப்போக, உளியால் பெற்ற புகழ் பெயரின்றி நிலைத்துவிட்டது. இவ்விரண்டையும் ஒருங்கே வைத்துப் பார்த்தால்தான் அவன் வாழ்வு விளங்கும்.

கூடற் காடவர்

காடவர் என்னும் பெயர் காஞ்சிக்குப் புதிதன்று. பல்லவ மன்னரையே பழந்தமிழர் அப்பெயரால் அழைத்தனர். அறுபத்துமூன்று நாயன்மார்களுள் ஐயடிகள் காடவர்கோன் ஒருவர். அரசைத் துறந்து, தலந்தோறும் சென்று வெண்பாப் பாடியவர். கழற்சிங்கர் மற்றொருவர். சிங்கன் என்பது காஞ்சிப் பல்லவர் விரும்பிச் சூடிய பெயர். ஒன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் பல்லவர் ஆட்சி சோழரிடம் வீழ்ந்தது. அதன் பின்னும் அக்குடியின் கிளைகள் எனத் தம்மைக் கூறிக்கொண்டோர் தொண்டை நாட்டிலும் நடுநாட்டிலும் வாழ்ந்து வந்தனர். பெண்ணை, கெடில நதிகள் பாயும் திருமுனைப்பாடி நாட்டில் கூடல் என்னும் ஊரைத் தமக்குரியதாகக் கொண்ட காடவராயர்கள் அவருள் ஒரு பிரிவினர்.

பன்னிரண்டாம் நூற்றாண்டில் இவர்கள் சோழ அரசின் அலுவலராகவே தோன்றுகின்றனர். ஊர்களைக் காக்கும் பாடிகாவல் உரிமையும், அதற்குரிய வரியும் இவர்களிடம் இருந்தன. சோழ மன்னனின் பெயரையே தம் பட்டப்பெயரின் முன்னொட்டாக வைத்துக்கொண்டனர். பணிவின் அடையாளமாகத் தொடங்கிய இவ்வுறவு மெல்ல மெல்ல நிறம் மாறியது. மூன்றாம் குலோத்துங்க சோழன் காலத்தில் சம்புவராயர், காடவராயர் முதலிய தலைவர்கள் தமக்குள் உடன்படிக்கை செய்துகொண்டு, ஒருவருக்கொருவர் பகையாவதில்லை என்று கோயிற் சுவர்களிலேயே பொறித்து வைக்கத் தலைப்பட்டனர். பேரரசன் ஒருவன் வலிமையோடு இருக்கும்போது குறுநிலத் தலைவர்களுக்கு இத்தகைய உறுதிமொழிகள் வேண்டியதில்லை. அக்கல்வெட்டுகள் அரியணையின் அடியில் விழுந்த முதல் விரிசல்கள்.

சோழம் சாய்ந்த காலம்

மூன்றாம் குலோத்துங்கன் 1178இல் அரியணை ஏறி நாற்பதாண்டுகள் ஆண்டவன். பாண்டிய நாட்டை மும்முறை வென்றவன். ஆனால் அவனது முதுமையில் காலச் சக்கரம் சுழன்றது. 1216இல் பட்டமெய்திய மாறவர்மன் சுந்தர பாண்டியன் சோழ நாட்டின்மீது படையெடுத்து, தஞ்சையையும் உறையூரையும் எரியூட்டினான். அந்த அழிவின் நடுவே ஒரு மண்டபம் மட்டும் தப்பியது. பட்டினப்பாலை பாடிய கடியலூர் உருத்திரங்கண்ணனாருக்குக் கரிகாலன் அளித்ததாகக் கூறப்படும் பதினாறு கால் மண்டபம் அது. பாண்டியன் அதை இடிக்காமல் விட்டான் எனத் திருவெள்ளறைக் கல்வெட்டுப் பாடல் தெரிவிக்கின்றது. நகரங்கள் சாம்பலான போரிலும் புலவன் ஒருவனின் பெயர் கல்லுக்குக் காவலாக நின்றது.

குலோத்துங்கனுக்குப் பின் வந்த மூன்றாம் இராசராசன் முன்னோர் பெயரைப் பெற்றானேயன்றி அவர்தம் ஆற்றலைப் பெறவில்லை. பாண்டியரிடம் அடிபடும்போதெல்லாம் துவாரசமுத்திரத்துப் போசள மன்னன் இரண்டாம் நரசிம்மனின் உதவியை நாடவேண்டிய நிலை அவனுக்கு ஏற்பட்டது. அரசன் பிறர் கையை எதிர்பார்த்து நிற்பதை நாட்டுத் தலைவர்கள் பார்த்துக்கொண்டிருந்தனர். அவருள் கூர்ந்து பார்த்தவர் கூடற் காடவர்.

சேந்தமங்கலக் கோட்டை

இன்றைய கள்ளக்குறிச்சி மாவட்டத்தில், உளுந்தூர்ப்பேட்டைப் பகுதியில், கெடில நதிக்கரையில் சேந்தமங்கலம் உள்ளது. அங்குள்ள ஆபத்சகாயேசுவரர் கோயிலைக் காண்போர் கோயிலைக் காண்பதோடு ஒரு கோட்டையையும் காண்பர். உயர்ந்த மதில்கள் படைவீட்டுக்குரிய திண்மை கொண்டவை. வாணிலை கண்டீசுவரம் என்பது இக்கோயிலின் பழம்பெயர். இதனை எடுப்பித்தவன் காடவர் குலத்து மணவாளப் பெருமாள். அங்குள்ள கல் குதிரைகள் தட்டினால் ஒலியெழுப்பும் புகழுடையவை.

அழகிய சீயன் என்றும், வடமொழியில் சீய மகீபதி என்றும் அறியப்படும் இம்மணவாளப் பெருமாளும் கோப்பெருஞ்சிங்கன் என்னும் பெயர் பூண்டவனே. இதனால் வரலாற்றறிஞரிடையே நெடுங்கால வழக்கு ஒன்று எழுந்தது. ஒரே அரசன் நீண்ட காலம் வாழ்ந்தான் எனச் சிலர் கொண்டனர். தந்தையும் மகனுமாக இருவர் என நீலகண்ட சாத்திரியார் முதலிய பலர் கொண்டனர். இருவர் என்னும் கொள்கையே இன்று பெரிதும் ஏற்கப்படுகின்றது. அதன்படி, சோழனைச் சிறைப்பிடித்த செயல் தந்தையினுடையது. அச்செயலின் புகழையும் பழியையும் ஒருசேரச் சுமந்து 1243இல் முடிசூடியவன், சீய மகீபதிக்கும் சீலவதிக்கும் பிறந்த மகன். அத்தியூர்க் கல்வெட்டு குறிக்கும் அரசன் இவனே. ஆயினும் தந்தையின் கதையை விடுத்து மகனின் கதையைச் சொல்ல இயலாது. இருவரும் ஒரே பெயரில், ஒரே பட்டத்தில், ஒரே கனவில் வாழ்ந்தவர்கள். அவனியாளப் பிறந்தான் என்பது அவர்கள் குலப் பட்டம். உலகை ஆள்வதற்கென்றே பிறந்தவன் என்று பெயர் சூட்டப்பெற்ற குழந்தை பாடிகாவலோடு அமைதி கொள்வது எங்ஙனம்?

தெள்ளாறு

1231ஆம் ஆண்டளவில் இராசராசன் பாண்டியரோடு பொருது தோற்று வடதிசை நோக்கி வந்தபோது, தெள்ளாற்றில் காடவர் படை அவனை மறித்தது. வந்தவாசியை அடுத்த அவ்வூர் பல்லவர் வரலாற்றில் முன்பே இடம்பெற்றது. ஒன்பதாம் நூற்றாண்டில் காஞ்சியிலிருந்து ஆண்ட மூன்றாம் நந்திவர்மன் பகைவரை முறியடித்துத் தெள்ளாறெறிந்தவன் என்று பெயர் பெற்றது அக்களத்தில்தான். நந்திக் கலம்பகத்தின் தலைவன் அவன். நானூறு ஆண்டுகள் கழித்துப் பல்லவ வழியினர் என்று உரிமை கொண்டாடிய ஒரு குடி, அதே களத்தில் சோழனை வென்றது. இடம் தற்செயலாக அமைந்திருக்கலாம். ஆனால் அவ்வெற்றியைப் பாடிய புலவர்களுக்கு அதைவிடப் பொருத்தமான களம் வேறு கிடைத்திராது.

தோற்ற சோழ மன்னன் சேந்தமங்கலத்துக்குக் கொண்டுசெல்லப்பட்டான். கங்கையும் கடாரமும் கொண்ட குலத்தின் பிள்ளை, தன் குலத்துக்குக் காவற்பணி செய்த குடியின் கோட்டையில் கைதியானான். கோட்டைக்குள் ஒரு மன்னனை வைத்துக்கொண்டு ஒரு நாட்டையே பணயமாக வைத்திருந்த காடவர், அந்நாளில் தமிழகத்தில் யாரும் எட்டாத உயரத்தில் நின்றனர்.

ஒரு நிகழ்ச்சி, இரண்டு கல்

இந்நிகழ்ச்சியை இரண்டு கல்வெட்டுகள் கூறுகின்றன. ஒன்று வந்தவாசிப் பகுதியில் வயலூரில் உள்ளது. காடவர் தரப்பில் தமிழ்ப் பாடலாய் அமைந்தது. சோழனைத் தெள்ளாற்றில் வென்றதையும், அமைச்சரோடு அவனைச் சிறையிலிட்டதையும், சோழநாட்டைக் கைக்கொண்டதையும் அது பெருமிதத்தோடு பேசுகின்றது. மற்றொன்று கடலூரை அடுத்த திருவயிந்திரபுரத்துத் தேவநாயகப் பெருமாள் கோயிலில் உள்ளது. போசளர் தரப்பில் 1231-32இல் பொறிக்கப்பட்டது.

போசளர் கல் சொல்லும் கதை வேறு. கோப்பெருஞ்சிங்கன் சோழனைப் பிடித்துச் சேந்தமங்கலத்தில் வைத்தான். அவன் படைகள் நாட்டை அழித்தன. திருமால் கோயில்களுக்கும் ஊறு விளைந்தது. செய்தி துவாரசமுத்திரத்தை எட்டியதும், சோழநாட்டை நிலைநிறுத்துபவன் என்னும் பெயரைக் காக்காமல் தன் வெற்றிக் காளத்தை ஊத விடுவதில்லை என்று நரசிம்மன் சூள் உரைத்துப் புறப்பட்டான். வழியில் மகத நாட்டை அழித்து, பாச்சூரில் பாளையமிறங்கி, அப்பண்ண தண்டநாயக்கனையும் சமுத்திர கொப்பய்ய தண்டநாயக்கனையும் காடவர் நாட்டின்மீது ஏவினான். எள்ளேரி, கள்ளியூர்மூலை, தொழுதகையூர் முதலிய ஊர்கள் அழிந்தன. ஈழத்து அரசன் எனப்படும் பராக்கிரமபாகு ஒருவனும் களத்தில் மாண்டான். தண்டநாயக்கர்கள் இடையே தில்லைக்குச் சென்று பொன்னம்பலத்தானை வணங்கினர். பின் திருப்பாதிரிப்புலியூரில் தங்கி, திருவதிகை, திருவக்கரை முதலிய இடங்களைத் தாக்கினர். சேந்தமங்கலத்துக்குக் கிழக்கே கடல்வரை பயிர்கள் எரிந்தன, தோப்புகள் வெட்டுண்டன, பெண்டிர் சிறைபிடிக்கப்பட்டனர். கோட்டையை முற்றுகையிட முனைந்த வேளையில், சோழனை விடுவிப்பதாகக் கோப்பெருஞ்சிங்கன் சொல்லியனுப்பினான். சோழன் வெளிவந்தான். தண்டநாயக்கர்கள் அவனைத் தம் காவலில் அழைத்துச்சென்று அவன் நாட்டில் சேர்த்தனர்.

இரண்டு கற்களையும் அடுத்தடுத்துப் படிப்போர் ஒன்றை உணர்வர். காடவர் கல்லில் மீட்புப் படை இல்லை. போசளர் கல்லில் தெள்ளாற்று வீரம் இல்லை. கோயில்களுக்குத் தீங்கு செய்தான் என்று பகைவனைக் குற்றஞ்சாட்டும் அதே கல், தன் படை எரித்த வயல்களையும் கவர்ந்த பெண்டிரையும் வெற்றிப் பட்டியலாக அடுக்குகின்றது. எரிந்த பயிருக்குரிய உழவனின் கல் எங்கும் இல்லை. கவிதையும் கல்வெட்டும் யார் பொருளில் எழுதப்படுகின்றனவோ அவர் பக்கமே பேசும் என்னும் கசப்பான பாடத்தை இவ்விரு கற்களும் கற்பிக்கின்றன. திருவயிந்திரபுரக் கல் காடவரின் சொந்த நாட்டிலேயே, அவர்கள் கண்முன்னே நடப்பட்டது என்பதும் கருதத்தக்கது. அதன் பின்னும் நெடுங்காலம் அந்நிலத்தை ஆண்டது காடவர் குடியே. ஆயினும் அக்கல் இன்றுவரை சிதையாமல் நிற்கின்றது. பகைவன் எழுத்தையும் கோயிற் சுவரில் விட்டுவைத்த அக்காலத்து மரபு வியப்புக்குரியது.

வடகடலோரத்து ஒப்புமை

அரியணை தளர்ந்த காலத்தில் பெருந்தலைவர்கள் முடிமேல் கை வைப்பது தமிழகத்துக்கு மட்டும் உரிய கதையன்று. இதே பதிற்றாண்டுகளில் ஐரோப்பாவின் வடகோடியிலுள்ள நார்வே நாட்டிலும் உள்நாட்டுப் போர்களின் காலம் நடந்துகொண்டிருந்தது. 1130இல் தொடங்கிய அப்போர்கள் 1240வரை ஓய்ந்தும் எழுந்தும் நீடித்தன. அவற்றின் கடைசிக் கட்டத்து நாயகன் ஸ்கூலே பார்ட்சன் என்னும் பெருங்குடிமகன். ஹாகோன் மன்னனுக்கு மாமனார் ஆனவன். நாட்டின் ஒரு பகுதியைத் தன் பொறுப்பில் வைத்திருந்தவன். அவன் 1239இல் தன்னையே மன்னனாக அறிவித்துக்கொண்டான். மறு ஆண்டே தஞ்சம் புகுந்த மடத்தில் கொல்லப்பட்டான். அவன் கதையை விரிவாக எழுதியவர் ஐஸ்லாந்துப் புலவர் ஸ்டுர்லா தோர்தர்சன். எழுதச் செய்தவன் வென்ற ஹாகோனின் மகன். ஆறு நூற்றாண்டுகள் கழித்து, 1863இல் நாடகாசிரியர் இப்சன் ஸ்கூலேயை நாடகமாக எழுதி, தன்மேல் தனக்கே முழு நம்பிக்கையில்லாத ஒரு மனிதனாக அவனைப் படைத்தார்.

ஸ்கூலே மன்னன் பட்டத்தைச் சூடி ஓராண்டு தாங்கவில்லை. காடவர்கோன் முப்பத்தாறு ஆண்டுகள் தாங்கினான். வேறுபாடு இருவரின் அளவறிதலில் உள்ளது. சோழனைக் கையில் வைத்திருந்தபோதும் காடவர் சோழர் முடியைச் சூடவில்லை. போசளர் வந்தபோது விடுவிக்க வேண்டியவனை விடுவித்து, காக்க வேண்டிய கோட்டையைக் காத்துக்கொண்டனர். பின்னர் பன்னிரண்டாண்டுகள் பொறுத்திருந்து, சோழ முடியைத் தொடாமலே தனக்கென ஒரு முடியை மகன் சூடிக்கொண்டான்.

முடியும் கழுவாயும்

1243இல் ஆட்சியைத் தொடங்கிய கோப்பெருஞ்சிங்கன் தன் பெயரிலேயே ஆட்சியாண்டுகளை எண்ணலானான். தென்பெண்ணைக்குத் தலைவன், பாலாற்றின் தென்கரை நாயகன், காவிரியைக் காமுற்றவன், மல்லைக்கு வல்லபன், காஞ்சிபுரிக்குக் காந்தன் என்றெல்லாம் பொருள்படும் வடமொழிப் பட்டங்கள் அவனுக்கு உண்டு. ஆறுகளையும் நகரங்களையும் காதலியராகக் கண்ட அப்பட்டங்களில் நிலப்படத்தோடு ஓர் ஏக்கமும் இருக்கின்றது. மல்லையும் காஞ்சியும் அவன் முன்னோராகச் சொல்லிக்கொண்ட பல்லவரின் நகரங்கள். அவற்றை முழுமையாக, இடையறாது ஆளும் பேறு அவனுக்கு வாய்க்கவில்லை.

அக்காலத்துக் காஞ்சி எவருக்கும் நிலையாக வாய்க்காத நகரம். 1230ஐ ஒட்டிப் போசளப் படைப்பிரிவு இங்கே தங்கியிருந்தது. தெலுங்குச் சோழரான கண்டகோபாலர் இதனை ஆண்டனர். 1249இல் காகதீய கணபதியின் அதிகாரி சாமந்த போசன் ஏகாம்பரநாதர் கோயிலில் கொடை ஒன்றைப் பொறித்தான். சில ஆண்டுகளில் பாண்டியர் வந்தனர். 1260இல் அத்தியூர்க் கோயிலில் காடவர்கோன் ஆட்சியாண்டு எழுதப்பட்டது. ஒரு தலைமுறைக்குள் ஐந்து கொடிகள். கோயில் விளக்குகளும் நந்தவனங்களும் மட்டும் எந்த அரசன் பெயரில் ஆண்டு எழுதப்பட்டாலும் தம் முறைமை மாறாமல் நடந்தன. திருமால் கோயில்களுக்குத் தீங்கு செய்தவர் என்று போசளர் கல்லில் பழி சுமந்த குடியின் ஆண்டுக்கணக்கு, காஞ்சியின் பெரிய திருமால் கோயிலிலேயே இடம்பெற்றது. காஞ்சித் தூப்புலில் வேதாந்த தேசிகர் 1268இல் பிறந்ததும் இவ்வரசன் காலத்தில்தான். பின்னாளில் அவர் பல்லாண்டு வாழ்ந்த தலம், அந்தப் போசளர் கல் நிற்கும் திருவயிந்திரபுரம்.

தந்தை காலத்துப் பகை மகன் காலத்திலும் தொடர்ந்தது. போசளர் சோமேசுவரன் தலைமையில் திருவரங்கத்தை அடுத்த கண்ணனூரில் நிலைகொண்டிருந்தனர். கோப்பெருஞ்சிங்கன் பெரம்பலூரில் அவர் படையை எதிர்த்து, கேசவன், அரிகரன் முதலிய தண்டநாயக்கர்களைக் கொன்றான். அவர்தம் பெண்டிரையும் பொருளையும் கைப்பற்றினான். சேந்தமங்கலத்துக்குக் கிழக்கே எரிந்த வயல்களுக்கு இது பழிவாங்கல் என்று எண்ணியிருக்கலாம். ஆனால் கதை அங்கே முடியவில்லை. அச்செயலின் பாவம் நீங்கும்பொருட்டு அவன் விருத்தாசலத்து இறைவனுக்கு மணிகள் இழைத்த நெற்றிப்பட்டம் ஒன்றைத் தன் பெயரால் அளித்தான். இதனை விருத்தாசலக் கல்வெட்டு தெரிவிக்கின்றது.

வெற்றிகளை மட்டுமே பொறித்து வைக்கும் மெய்க்கீர்த்திகளின் உலகில் இது அரிய செய்தி. வென்ற மன்னன் தன் வெற்றியையே பாவமென்று ஒப்பி, அதைக் கல்லில் எழுதவும் விட்டான். நெற்றிப்பட்டம் மாண்டவரை மீட்பதில்லை. சிறைப்பட்ட பெண்டிரின் துயரை ஆற்றுவதுமில்லை. ஆயினும் வயலூர்க் கல்லும் திருவயிந்திரபுரக் கல்லும் சொல்லாமல் விட்ட ஒன்றை இந்த மூன்றாம் கல் சொல்கின்றது. போரில் வென்றவனும் கணக்குத் தீர்க்க வேண்டியவன் என்பதே அது.

பாண்டியன் முன்

1251இல் பட்டமெய்திய முதலாம் சடையவர்மன் சுந்தர பாண்டியன் தென்னகத்தின் அரசியலையே மாற்றியமைத்தான். சேரனும் சோழனும் போசளனும் அவன்முன் தளர்ந்தனர். சேந்தமங்கலமும் முற்றுகைக்கு உள்ளாயிற்று. காடவர் நாடும் செல்வமும் பாண்டியன் கைப்பட்டன. பின்னர் அவன் அவற்றைத் திருப்பிக் கொடுத்தான். வென்றவனுக்கு வடக்கே ஒரு காவலன் தேவைப்பட்டான். தோற்றவனுக்கு நாடு தேவைப்பட்டது. பாண்டியன் அங்கிருந்து தில்லைக்குச் சென்று கூத்தப்பிரானை வணங்கி, பொன்வேய்ந்த பெருமாள் ஆனான்.

தன்னைச் சக்கரவர்த்தி என்று அழைத்துக்கொண்டவனுக்கு, கொடையாகத் திரும்பி வந்த நாட்டை ஏற்பது எளிதாக இருந்திராது. ஆயினும் அவன் ஏற்றான். அதன் பின்னும் அவன் ஆட்சியாண்டுகள் தடையின்றி எழுதப்பட்டன. 1262இல் கோதாவரிப் பகுதியில் திராட்சாராமத்துப் பீமேசுவரர் கோயிலிலும், ஆந்திர நாட்டுத் திரிபுராந்தகத்திலும் அவன் புகழ் பேசும் கல்வெட்டுகள் தோன்றின. கூடலில் பாடிகாவல் புரிந்த குடியின் பெயர் கோதாவரிக் கரையில் ஒலித்தது. பிறர் தயவில் மீண்ட அரசன் எட்டிய எல்லை அது.

தில்லையின் ஆடல்

கோப்பெருஞ்சிங்கன் சூடிய பட்டங்களுள் வீரத்தைச் சொல்பவை பல. கட்கமல்லன் என்பது வாட்போரில் வல்லவன் எனப் பொருள்படும். ஆனால் அவற்றோடு சரிநிகராக வேறு சில நிற்கின்றன. சாகித்திய ரத்தினாகரன் என்பது ஒன்று. இலக்கிய மணிகள் நிறைந்த கடல் என்பது பொருள். பரதத்தில் வல்லவன் என்னும் பொருளில் பரதமல்லன் என்பது மற்றொன்று. பொன்னம்பலத்தான் சபையின் எல்லாப் பணிகளையும் எக்காலத்தும் நடத்துபவன் என்று நீண்டு செல்லும் பட்டம் இன்னொன்று. உலகை ஆளப் பிறந்தவன், ஓர் ஆடலரங்கின் காரியக்காரனாக இருப்பதையும் பெருமையாகக் கொண்டான்.

இப்பணி தந்தை காலத்திலேயே தொடங்கிவிட்டது. செங்கற்பட்டை அடுத்த ஆத்தூரின் வருவாயைத் தில்லைத் தெற்குக் கோபுரப் பணிக்கு அளித்த செய்தியை அவ்வூர்க் கல்வெட்டு கூறுகின்றது. சொக்கச்சீயன் பெயர் பெற்ற ஏழுநிலைக் கோபுரம் அது. தொண்டை நாட்டு வயல்களில் விளைந்தது தில்லையில் கல்லாக உயர்ந்தது. மகன் எடுப்பித்தது கிழக்குக் கோபுரம். நாற்றிசையும் வென்று கொண்டுவந்த பொருளால் அது எழுந்தது என்று அவனது திரிபுராந்தகக் கல்வெட்டு பெருமை கொள்கின்றது.

அக்கோபுர வாயிலின் இருமருங்கும் பரத முனிவர் வகுத்த நூற்றெட்டுக் கரணங்கள் சிற்பங்களாக அமைந்துள்ளன. ஒவ்வொன்றுக்கும் உரிய நாட்டிய சாத்திரச் சுலோகம் கிரந்த எழுத்தில் உடன் பொறிக்கப்பட்டுள்ளது. இரண்டு நூற்றாண்டுகளுக்கு முன் தஞ்சைப் பெரிய கோயிலில் முதலாம் இராசராசன் இதே முயற்சியைத் தொடங்கினான். அங்கே எண்பத்தொரு கரணங்களோடு உளி நின்றுவிட்டது. எஞ்சிய இருபத்தேழு கற்கள் செதுக்கப்படாமலே உள்ளன. தஞ்சையில் ஆடுபவன் சிவபெருமான். தில்லைக் கோபுரத்தில் ஆடுபவர் பெண்டிர். பேரரசன் ஒருவன் நிறைவுசெய்யாமல் விட்ட அடவுகள், அப்பேரரசின் குலத்தையே சிறையிலிட்ட குடியின் கோபுரத்தில் முழுமையாக நிற்கின்றன. சிற்பத்தோடு சொல்லையும் சேர்த்து வைத்ததால் இக்கோபுரம் கல்லில் எழுதிய நாட்டிய நூலாகவும் அமைந்தது. பிற்காலத்தில் கரணங்களை மீட்டெடுக்க முயன்ற ஆடற்கலைஞர்களும் ஆய்வாளர்களும் இங்கே வந்து நின்று பாடம் கற்றனர்.

அக்கோபுரத்துக்குச் செலவான பொருள் எங்கிருந்து வந்தது என்பதை மறைக்க வேண்டியதில்லை, அவனே மறைக்கவில்லை. போரில் கவர்ந்த செல்வம் அதில் கல்லாக உறைந்திருக்கின்றது. பெரம்பலூரில் சிறைபிடிக்கப்பட்ட பெண்டிரின் கண்ணீரும், கோபுரத்தில் ஆடும் பெண்டிரின் முறுவலும் ஒரே ஆட்சியின் இரு பக்கங்கள். கலையைப் போற்றிய அரசர் பலரின் கதையும் இதுவே. கோப்பெருஞ்சிங்கனின் கதையில் அது மற்றவரினும் வெளிப்படையாகத் தெரிகின்றது, அவ்வளவே.

விளக்கணைந்த ஆண்டு

கோப்பெருஞ்சிங்கனின் முப்பத்தாறாம் ஆட்சியாண்டு 1279. அவனைப் பற்றிய கடைசிக் குறிப்பு அவ்வாண்டினதே. சோழர் குலத்தின் இறுதி மன்னன் மூன்றாம் இராசேந்திரனின் கடைசி ஆட்சியாண்டும் அதே 1279. சிறையிட்ட குடியும் சிறைப்பட்ட குடியும் ஓராண்டிலேயே வரலாற்றிலிருந்து மறைந்தன. 1268இல் அரியணையேறிய மாறவர்மன் குலசேகர பாண்டியன் இரு நாட்டையும் தன் ஆட்சியில் அடக்கினான். அவனுடைய மக்களிடையே எழுந்த தாயப்போரில் பாண்டியப் பேரரசும் அடுத்த நூற்றாண்டின் தொடக்கத்தில் சிதறியது. ஒருவன் மற்றவனை வீழ்த்திப் பெற்ற முடி எதுவும் இரண்டு தலைமுறைக்கு மேல் நிற்கவில்லை.

சேந்தமங்கலத்தில் இன்று அரண்மனை இல்லை. மன்னனைப் பூட்டிய சிறை எது என்று காட்டுவாரும் இல்லை. கூடல் காடவரின் வாள் எந்த அருங்காட்சியகத்திலும் இல்லை. கெடிலக் கரையில் கோட்டை மதிலை ஒத்த கோயிற்சுவரும், தட்டினால் ஒலிக்கும் கல் குதிரையும் உள்ளன. அத்தியூரில் ஆட்சியாண்டுக் குறிப்பு ஒன்று உள்ளது. விருத்தாசலத்தில் ஒரு கழுவாய்ச் செய்தி உள்ளது. தில்லையில் நூற்றெட்டுப் பெண்டிர் சுலோகத்தின் தாளம் தவறாமல் ஆடிக்கொண்டிருக்கின்றனர். அவனியை ஆளப் பிறந்தவன் ஆண்ட நிலம் பல கை மாறிப்போயிற்று. பரதமல்லன் காத்த ஆடல் மட்டும் எவர் கைக்கும் மாறாமல் அவன் எழுப்பிய வாயிலிலேயே நிற்கின்றது.